விரலில்லாத பாதம்

பிச்சைமுத்துவின் ரத்தம் கம்ப்யூட்டர் அறையின் வெள்ளைத் தரையில் கறுத்துக் காய்ந்திருந்தது.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். துப்பறியும் பகலவன் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று அறையைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்ப்யூட்டரின் திரை நொறுங்கிக் கிடந்தது. விசைப்பலகை இரண்டாக உடைந்திருந்தது. பிரிண்டரின் காகிதம் நாடாவைப்போல் நீண்டு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊருக்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரு. வந்து எட்டு மாசத்துல அதுக்கும் காரியம் பண்ணிட்டாங்க சார்" என்றாள் அவருடைய உதவியாளர் இசைவாணி.

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வாரச் சாலை மறியலின் நாலாம் நாள். கள்ளக்குறிச்சிக்கு வரும் எல்லாச் சாலைகளிலும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. விழுப்புரத்திலிருந்து வயல் வரப்புகளில் புல்லட்டை உருட்டியும் ஓட்டியும் இருவரும் வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று.

"மறியல்காரங்கதான் சார்" என்றார் கான்ஸ்டபிள். "முந்தாநாளு மத்தியானம் கூட்டம் இந்தப் பக்கமா கல்லு வுட்டுக்கினு போச்சி. அதுல கொஞ்ச பேரு உள்ள பூந்துட்டாங்க. பியூனு பிச்சைமுத்து காலி. கம்ப்யூட்டரு மேடம் கண்ணகிக்கு மண்டையில அடி, கையி ஒடஞ்சிப்போச்சி. பதிவறை கிளார்க்கு சின்னராசுதான் இதுக்கெல்லாம் தலைவன். புடிச்சி உள்ள வச்சிருக்கோம்."

"ஒத்துக்கினாரா?"

"இன்னும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்குவான்."

இசைவாணி அவர் கையிலிருந்த லத்தியைப் பார்த்தாள்.

பகலவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அன்னிக்கி மழதான?"

"ஆமா சார், ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சி. வாசல்ல கணுக்கால் வரைக்கும் சேறு."

"உள்ள ஒரு சிட்டிகை சேறுகூட இல்லியே."

வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'காலணிகளை வெளியே விடவும்.' கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பதால் வைத்த பலகை.

இசைவாணி அதைப் படித்துவிட்டுக் கையைத் தட்டினாள். "கூட்டமா ஓடியாந்தவங்க போர்டப் படிச்சிட்டு, செருப்ப வரிசையா கழட்டி வுட்டுட்டு, அப்பறமா உள்ள வந்து கொல பண்ணியிருக்காங்க. இன்னா ஒழுங்கான ஜனங்க சார்!"

பகலவன் சிரிக்கவில்லை. கதவோரம் ரத்தத்தில் பதிந்திருந்த ஒரு கால் தடத்தைச் சுட்டிக்காட்டினார். குதிகால் தெரிந்தது. நடுப்பாதத்தின் வளைவு தெரிந்தது. முன்பக்கம் மொழுக்கென்று வழித்துவிட்டதுபோல் முடிந்திருந்தது.

"செருப்புத் தடம்னா ஓரம் நறுக்குனாப்ல இருக்கும். வெறுங்காலுன்னா அஞ்சு விரலும் வுழுவும். இதுல எதுவும் இல்ல."

"விரலே இல்லாத ஆளா?"

"அந்த மாதிரி ஒரு ஆளத்தான் நாம தேடணும் வாணி."

* * *

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் கண்ணகி சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் கட்டு. வலது கை தோள் வரை மாவுக்கட்டு. முப்பத்துநாலு வயது. மலைவாழ் மக்கள் பதிவேட்டுக் கணிப்பொறிப் பிரிவுக்கு அவள்தான் தலைவர். அப்படி ஒரு பதவி இருப்பதையே அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. அடிபட்ட அன்று சாயங்காலமே போன் போடச் சொல்லிப் பகலவனை வரவழைத்தவள் அவள்தான்.

"சின்னராசு இல்லைங்க" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "அவரு செய்யல. அவர அடிச்சே கொன்னுடுவாங்க. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

"மிசின ஒடச்சிடுவேன்னு அவரு சொன்னாராமே?"

"சொன்னாரு. என் மூஞ்சிக்கு நேரா, அம்பது பேரு முன்னால சொன்னாரு. முதுகுக்குப் பின்னால வந்து தலையில சாக்கு மாட்டுற ஆளு இல்லைங்க அவரு."

இசைவாணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கண்ணகி இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"மொத மாசம் எங்களுக்குக் கரண்டு லைனே குடுக்கல. ரெண்டாம் மாசம் மிசினுக்குன்னு ஏ.சி. வந்துச்சி, அது தனி அலுவலரு ரூமுக்குப் போயிடிச்சி. மூணாம் மாசம் பழைய பதிவேடு கேட்டேன். பதிவறைச் சாவி தொலைஞ்சி போச்சின்னாரு சின்னராசு. நான் தெனமும் அவரு மேசைக்கு எதிர்ல ஒரு நாற்காலியப் போட்டுக்கினு உக்காந்தேன். பதினோராவது நாளு சாவி கெடச்சிது."

"அவருக்கு இன்னாங்க கோவம்?"

"இருவத்திரெண்டு வருசம் அந்தப் பதிவேட்டுக்கு அவருதான் ராஜா. நான் போயி, இனிமே எல்லாத்தையும் பொட்டி பாத்துக்கும்னு சொன்னா? அது என் தப்புங்க. மிசினக் கொண்டாந்து வச்சேன், மனுசங்ககிட்ட பேசாம வுட்டுட்டேன்."

"அந்தப் பொட்டி யாருக்கு ஆவாததச் சொல்லிச்சி?" என்றார் பகலவன்.

கண்ணகி குரலைத் தாழ்த்தினாள். மலை மக்கள் சான்று வாங்கியவர்களின் பெயர்களை ஊர்வாரியாகப் பிரிக்கச் சொல்லி மூன்று வாரத்துக்கு முன் கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்திருந்தாள். தகவல் ஏற்றும் வேலைக்கு அவளிடம் இருந்தது ஆண்டாள் என்ற மலைப் பெண். ஊர் ஈச்சங்காட்டுப்பட்டி, கல்வராயன் மலை மேலே.

"அவ ஊருல நாப்பது வூடு. ஆனா அந்த ஊருப் பேர்ல காலேஜிக்கும் வேலைக்கும் சான்று வாங்கினவங்க எரநூத்திப் பன்னெண்டு பேரு. அவ ஒவ்வொரு பேரா படிச்சிட்டு, 'அக்கா, இதுல முப்பது பேரத்தான் எனக்குத் தெரியும், மத்தவங்கள்ளாம் யாரு?'ன்னு கேட்டா. எல்லாம் கீழ இருக்கிற ஆளுங்க. மலையையே கண்ணால பாக்காதவங்க."

"அன்னிக்கி இன்னா நடந்தது?"

"அந்தப் பட்டியல அச்செடுத்து ஆண்டாளுகிட்ட குடுத்தேன். அவ பின்னாடி ஸ்டோர் ரூமுக்குப் போனா. நான் மிசினுக்கிட்ட உக்காந்துகினு இருந்தேன். திடீர்னு தலைமேல சாக்கு. அடி வுழுந்துது. கையில பிளாப்பி வச்சிருந்தேன், வுட மாட்டேன்னேன். இரும்புத் தடியால ஒவ்வொரு விரலா..." அவள் மாவுக்கட்டைப் பார்த்தாள். "பிச்சைமுத்து ஓடியாந்து அவனப் புடிச்சி இழுத்தாரு. அவரு கத்துனதுதான் நான் கடைசியா கேட்டது. நான் 'ஆண்டாளு, ஓடு'ன்னு கூவினேன். பின்பக்க ஜன்னல் தொறந்து கெடந்துதாம், ஓடிட்டா. எங்க இருக்கான்னு தெரியல."

"மறியல் கோஷம் போட்டாங்களாமே?"

"போட்டாங்க. ஆனா ஒரே ஒரு கொரலுதாங்க. தொண்டைய மாத்திப் பேசுற கொரலு."

"இந்தப் பட்டியல் விஷயம் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. மெட்ராசுக்கு அறிக்கை எழுதி முறைப்படி அனுப்பினேன். அவ்ளோதான்."

"முறைப்படின்னா..."

அதற்குள் வார்டுக் கதவு திறந்தது. சாத்துக்குடிப் பையோடு தனி அலுவலர் அய்யப்பன் உள்ளே வந்தார். ஐம்பது வயது. சந்தன நிற சஃபாரி சூட். ஊரே சேற்றில் கிடந்த அந்த வாரத்திலும் அவருடைய கறுப்பு ஷூ பளபளத்தது.

"இந்தத் திட்டத்தை நான் போராடி வாங்கினேன் சார்" என்றார் பகலவனின் கையைப் பிடித்துக்கொண்டு. குரல் உடைந்தது. "மலைக்குக்கூட கம்ப்யூட்டர் வந்துடுச்சுன்னு பத்திரிகையில எல்லாம் எழுதினாங்க. காட்டுமிராண்டிகள் ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணு ஆண்டாளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். கண்டுபிடிச்சா முதல்ல எனக்குத் தகவல் கொடுங்க."

"குடுக்கறங்க" என்றார் பகலவன். "மலைக்குத்தான் கெளம்பறோம்."

"ஜீப் தரட்டுமா?"

"ஜீப்பு மரத்த ஏறித் தாண்டுமாங்க?" என்று கேட்டாள் இசைவாணி.

* * *

கச்சிராயபாளையம் போகும் வழியில் ஏழு இடத்தில் மரம். எட்டாவது இடம் ஓர் ஓடைப்பாலம். பாலத்தின் இந்த முனையில் ஒரு முழுப் புளியமரமே படுத்துக் கிடந்தது. அதன் கிளைகள் மேல் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து பேர் கையில் கோடாலி.

"வண்டிய நிறுத்து! யாரு? போலீசா?"

"போலீசு இவ்ளோ ஒல்லியா எங்கனாச்சும் பாத்துகீறீங்களாண்ணே?" என்றாள் இசைவாணி பகலவனைக் காட்டி.

யாரோ சிரித்தார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. கரும்பு வெட்டும் வயதான கூலிக்காரி ரங்கம்மாள், காய்த்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பகலவன் ஆண்டாளைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"நீங்க இன்னாத்துக்கு அந்தப் புள்ளயத் தேடுறீங்க?"

"அவளக் கொல்ல ஒருத்தன் தேடறான். அவனுக்கு முன்னால நாங்க போவணும். அவ வாய் தொறந்தாத்தான் சின்னராசு வெளிய வர முடியும்."

ரங்கம்மாள் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "முந்தாநாளு சாயங்காலம் வந்துச்சி. காலெல்லாம் கிழிஞ்சி ரத்தம். சுருட்டின காயிதத்த மாரோட அணைச்சிக்கினு, யார் கேட்டும் குடுக்கல. கஞ்சி ஊத்திக் குடுத்து, என் மருமவன்தான் கோமுகி டேம் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் கொண்டுபோயி வுட்டான். நாங்க கொன்னோம்னு சொல்றாங்களாமே? ரோட்டுல குந்தினு இருக்கிறது எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும்னு. மிசின ஒடச்சா இன்னாத்தக் குடுப்பாங்க எங்களுக்கு?"

பகலவன் பதில் சொல்ல வாயெடுத்தார். பாலத்தின் மறுமுனையில் போலீஸ் வேன் வந்து நின்றது.

எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வேனின் பின்கதவு திறந்தது, லத்திகள் குதித்தன. கிளைகள் மேல் இருந்தவர்கள் சிதறினார்கள். கற்கள் பறந்தன. ஒரு கல் முன்னால் வந்த கான்ஸ்டபிளின் வாயில் பட்டு, அவர் பற்களைத் துப்பினார். அடுத்த நொடி கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று மரத்தின் மேல் விழுந்து சீறியது. எல்லாம் வெள்ளையாயிற்று.

அந்தப் புகைக்குள் எலும்பில் கட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரங்கம்மாள் இருமிக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் தோளில் ஒரு லத்தி இறங்கியது. இரண்டாவது அடி தலைக்கு வந்தபோது பகலவன் நடுவில் பாய்ந்தார். அவர் நெற்றி பிளந்தது. இசைவாணி கிழவியை இடுப்போடு அணைத்துப் பாலத்தடிக்கு உருட்டினாள். "ஆயுதம் எதுவும் இல்லாத பொம்பளடா!" என்று அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பாலச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த பகலவனின் ஒரு கண்ணை ரத்தம் மறைத்தது. மறு கண்ணால் அவர் அதைப் பார்த்தார். ஓர் இளம் போலீஸ்காரனின் பூட்ஸ் புளியங்கிளையில் சிக்கிக்கொண்டது. அவன் காலை உருவிக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாகச் சேற்றில் மிதித்துப் பாலத்தின் சிமெண்டுத் தரையில் ஓடினான்.

அவன் ஓடிய வழியில் சேற்றுத் தடங்கள். குதிகால், வளைவு, மொழுக்கென்று முடிந்த முன்பக்கம். விரல் இல்லை.

"சார்!" இசைவாணி அவரைக் கீழே இழுத்தாள். "மண்டை ஒடஞ்ச ஆளு இப்பிடி சிரிக்கக் கூடாது. நேரா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேத்துடுவாங்க."

"வண்டிய எடு" என்றார் பகலவன், நெற்றியில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு. "ரொம்ப சீக்கிரம் போவணும்."

* * *

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியபின் சத்தமெல்லாம் கீழே நின்றுவிட்டது. புல்லட் மட்டும் முனகியது. பாதி வழிக்கு மேல் அதுவும் மறுத்தது. மீதி மூன்று மைல் நடை.

ஈச்சங்காட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் ஆண்டாளைப் பார்க்கவில்லை என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் பொய் சொல்லும்போது ஊர்க்கோடிப் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். வாத்தியார் மறியலால் வரவில்லை. பகலவன் கதவைத் தள்ளினார். இருட்டிலிருந்து ஒரு கொடுவாள் அவர் கழுத்துக்கு இறங்கியது. அவர் தலையை இழுத்துக்கொள்ள, வாள் கதவுச் சட்டத்தில் ஆழமாகப் பதிந்தது.

"கண்ணகி அனுப்பிச்சாங்க!" என்று அலறினாள் இசைவாணி. "உசுரோட இருக்காங்க!"

வாளைப் பிடித்திருந்த கை அதை அப்படியே விட்டது. இருபத்திரண்டு வயது ஆண்டாள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "அக்கா செத்துட்டாங்கன்னு நெனச்சேன். வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

மூலையில் மூன்று கல் வைத்த அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. பட்டியல் அவள் இடுப்பில் சேலைக்குள் சுற்றியிருந்தது. இசைவாணி அவளைத் தேற்றி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"யாரையாவது பாத்தியாம்மா?" என்றார் பகலவன்.

"இல்லீங்க. ஸ்டோர் ரூமுல இருந்தேன். சத்தந்தான் கேட்டுது."

"மொதல்லருந்து சொல்லு. அக்கா கூவுறதுக்கு முன்னால இன்னா கேட்டுது?"

ஆண்டாள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "முக்காலி இழுபடற சத்தம். வாசல்ல பிச்சைமுத்தண்ணன் குந்தினு இருப்பாரே, அந்த இரும்பு முக்காலி. கிரீச்சின்னு ஒரு சத்தம். அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்பறம்தான் அக்கா..."

"கூட்டம் அடிக்க வந்தா பிச்சைமுத்து இன்னா பண்ணியிருப்பாரு?"

"கதவ சாத்தியிருப்பாரு. கத்தியிருப்பாரு."

"கத்தல. மரியாதையா எழுந்து நின்னாரு. உனக்கும் கண்ணகிக்கும் அவரு எழுந்து நிப்பாரா?"

"அக்கா வேலைக்கு வந்த மொத நாளே எழுந்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு யாருங்க எழுந்துக்குவாங்க?"

"அப்போ அவரு யாருக்காவ எழுந்தாரு?"

வெளியே ஒரு மூச்சிரைப்பு கேட்டது. பிறகு ஒரு கனிவான குரல்.

"ஆண்டாள்! அம்மா ஆண்டாள்! நான்தான்மா. பயப்படாதே."

வாசலில் தனி அலுவலர் அய்யப்பன் நின்றார். சஃபாரி சூட் முழுக்க வியர்வை. தோளில் ஒரு ரெக்சின் பை. பள்ளிக்கூடம் என்பதால், கதவோரம் குனிந்து ஷூவைக் கழற்றி வைத்தார். சாம்பல் நிறக் காலுறைகளோடு உள்ளே வந்தார்.

அதிகாரியைப் பார்த்ததும் ஆண்டாள் பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்தாள். பெஞ்சு பின்னால் நகர்ந்து சிமெண்டுத் தரையில் கிரீச்சிட்டது.

அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தானே எழுப்பிய சத்தம். அவள் பகலவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தச் சத்தந்தான்" என்றாள் மெல்ல.

"உக்காரும்மா" என்றார் பகலவன் அவளிடம். பிறகு அய்யப்பன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கும் இப்பிடித்தான் ஷூவக் கழட்டி வச்சீங்க. பிச்சைமுத்து எழுந்து கும்புட்டாரு. காலுறையோட ஓசையில்லாம உள்ள போனீங்க. ரத்தத்துல மிதிச்சிட்டு, அதும்மேலயே ஷூவ மாட்டிக்கினு வெளிய வந்தீங்க. இந்தத் தாலுக்காவுல மறியல் பண்றவன் எவனாவது காலுறை போட்டுக்கினு வருவானாங்க?"

"வெயில்ல நடந்து வந்ததுல உங்களுக்குத் தலை சுத்துது சார்."

"கண்ணகி மெட்ராசுக்கு அறிக்கை அனுப்பினாங்க. முறைப்படி. முறைப்படின்னா உங்க மேசை வழியாத்தான் போவணும். அது போவல. மலை மக்கள் சான்றுன்னா தனி அலுவலரு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும், எரநூத்திப் பன்னெண்டுலயும் இருக்கிறது உங்க கையெழுத்து."

அய்யப்பன் தோள் பையை முன்னால் இழுத்துக்கொண்டார். பேசியபோது அந்தக் கனிவு இல்லை.

"அந்த மெஷினை நான்தான் எழுதிக் கேட்டு வாங்கினேன். பக்கத்துல நின்னு படம் எடுத்துக்க. மந்திரி வந்தா காட்ட. அதைத் தட்டி, ஊர் ஊரா வரிசைப்படுத்திப் பார்க்கிற ஒருத்தியை எனக்குக் கீழே போடுவாங்கன்னு யார் கண்டா? கரண்ட் கொடுக்கலை, ஆள் கொடுக்கலை, ஏ.சி.யைக்கூட எடுத்துக்கிட்டேன். சனியன், விட்டுத் தொலைய மாட்டேன்னுட்டா." கையை நீட்டினார். "பேப்பரைக் கொடும்மா."

ஆண்டாள் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

அவர் கை பைக்குள் போய் வெளியே வந்தபோது அதில் வீச்சரிவாள். கரும்புக் காட்டில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண அரிவாள். மூன்று பிணமும் மறியல்காரர்கள் கணக்கில் போய்விடும்.

முதல் வீச்சைப் பகலவன் முன்கையில் வாங்கினார். சட்டையோடு சதை திறந்துகொண்டது. இரண்டாவது வீச்சுக்கு அவர் தரையில் விழுந்து உருண்டார், அரிவாள் சிமெண்டில் பொறி கிளப்பியது. அய்யப்பன் அவர் மார்பில் ஒரு காலை ஊன்றிக் கையை ஓங்கினார்.

இசைவாணி அடுப்பிலிருந்த களிச் சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கி அப்படியே அவர் முகத்தில் கவிழ்த்தாள்.

கொதிக்கும் களி ஒட்டினால் லேசில் விடாது. அய்யப்பன் ஊளையிட்டார். ஒரு கையால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, மறு கையால் குருட்டு வாக்கில் அரிவாளை வீசினார். இசைவாணியின் காதோரத் தலைமுடி அறுந்து விழுந்தது. பகலவன் கிடந்தபடியே அவருடைய கணுக்காலைப் பற்றி இழுத்தார். அய்யப்பன் மல்லாந்து விழ, பின்மண்டை பெஞ்சின் விளிம்பில் மோதியது. ஆண்டாள் ஓடிவந்து அடுப்புக் கல் ஒன்றைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி அவர் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்தது. அரிவாள் கழன்றது.

அவள் நிறுத்தவில்லை. கதவுச் சட்டத்தில் பதிந்திருந்த கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"பிச்சைமுத்தண்ணனுக்கு மூணு பொண்ணு" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "அக்காவோட விரல ஒண்ணு ஒண்ணா ஒடச்சான்."

பகலவனால் எழ முடியவில்லை. இசைவாணிதான் அவளுக்கும் கீழே கிடந்தவருக்கும் நடுவில் போய் நின்றாள். அந்த முழு நாளில் முதல் தடவையாக அவள் வாயில் கிண்டல் வரவில்லை.

"வேணாம் ஆண்டாளு. இவன் செத்தா, உண்மையும் இவனோடயே போயிடும். லாக்கப்புல சின்னராசு இப்பக்கூட அடி வாங்கிக்கினு இருப்பாரு. அவரு வெளிய வர்றதுக்கு இவன் உசுரோட கீழ வரணும்."

கொடுவாள் ரொம்ப நேரம் மேலேயே நின்றது. பிறகு ஆண்டாள் அதை ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

* * *

மறுநாள் காலையில் ஈச்சங்காட்டுப்பட்டி ஆண்கள் எட்டுப் பேர் அய்யப்பனை ஏணியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். வழியில் இருந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் அந்த ஏணி ஏறி இறங்கியது. மறியல்காரர்களே இரண்டு பக்கமும் கை கொடுத்தார்கள். தோளில் கட்டுப் போட்டிருந்த ரங்கம்மாள் அய்யப்பனின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வழிவிட்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. அய்யப்பன் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்த ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தார் பகலவன். ஷூவின் உள்தோல் முழுக்கப் பழைய ரத்தம் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. வெளியே மட்டுந்தான் பாலிஷ். அதற்குப் பிறகு ஆண்டாளின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் ஒரு பெயரையும் அவள் விடவில்லை.

நண்பகலில் சின்னராசுவை வெளியே கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரைப்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கண் மூடியிருந்தது. மருத்துவமனையிலிருந்து பிடிவாதமாக எழுந்து வந்திருந்த கண்ணகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் நின்றார்.

"பிச்சைமுத்து செத்துட்டாருன்னு இவங்க சொல்றது நெசமா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் அந்த ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் பிச்சைமுத்துவும் இருபது வருடம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

சின்னராசு அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். விசாரணையில் தன்னை யாரும் துன்புறுத்தவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பேனா குடுங்க" என்றார்.

நின்றபடியே எழுத ஆரம்பித்தார். வரிசை எண், தேதி, மணி, அடித்தவர், அடித்த இடம், அடித்த பொருள். கட்டம் கட்டி, கோடு போட்டு, இருபத்திரண்டு வருடம் பதிவேடு எழுதிய கையின் குண்டு எழுத்தில் பதினேழு வரிகள். வீங்கிய விரல்கள் இரண்டு முறை பேனாவை நழுவவிட்டன. இரண்டு முறையும் இசைவாணி எடுத்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் பிடுங்கக் கை நீட்டியபோது பகலவன் நடுவில் வந்து நின்றார். வெளியே எட்டு மலை ஆட்களும், அவர்கள் பின்னால் ரங்கம்மாளின் ஆட்களும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கை திரும்பிப் போயிற்று.

சின்னராசு கடைசியில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார். கண்ணகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இத உங்க பொட்டியில ஏத்துங்கம்மா. காயிதம்னா இவங்க கிழிச்சிடுவாங்க."

"பொட்டி ஒடஞ்சி போச்சிங்களே சின்னராசு. திரும்பக் குடுப்பாங்களோ, மாட்டாங்களோ."

"குடுக்கலன்னா நான் வரேன் உங்ககூட. ரெண்டு பேருமா நாற்காலியப் போட்டுக்கினு எதிர்ல உக்காருவோம்."

கண்ணகி இடது கையால் தாளை வாங்கி, நாலாக மடித்து, மாவுக்கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகிக்கொண்டாள்.